பூவாளிக்குப் பிடி வந்ததும் நாய்க்கு வால் வளைந்ததும்

அந்தக் காலத்தில் நாய்க்கு வால் நேராக இருந்தது. சிரிக்காதீர்கள். ஒட்டடைக் கம்பு மாதிரி அப்படி ஒரு நேர். மாடும் கோழியும் காக்கையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த காலம் அது. திருட்டு என்கிற தொழிலை அப்போது யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அதனால் காவல் என்கிற வேலையும் இல்லை. மாடு கிணற்றில் தண்ணீர் இறைத்தது, கோழி புழு பொறுக்கியது, காக்கை ஊரை எழுப்பியது. நாய் மட்டும்தான் சும்மா இருந்தது. சும்மா இருப்பவனை ஊர் என்னவெல்லாம் சொல்லுமோ அதையெல்லாம் நாயையும் சொன்னது.

தும்பைக்குளத்தில் சிலம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வைத்திருந்தது மருக்கொழுந்துத் தோட்டம். அந்த வட்டாரத்தில் மருக்கொழுந்து பயிரிடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கோயில் மாலைக்கும், கல்யாணப் பெண்ணின் சடைக்கும், சும்மா முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்படுவதற்கும் ஊர் அவளிடம்தான் வந்தாக வேண்டும். கொண்டையில் ஒரு கொத்து மருக்கொழுந்து இல்லாமல் அவளைப் பார்த்தவர்களே கிடையாது. அவள் வருவதற்கு முன்னால் அவள் வாசம் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே!

ஆனால் அந்த வருஷம் அவள் கொண்டை மொட்டையாக இருந்தது.

கதை என்னவென்றால், மருக்கொழுந்து விதை பொடியிலும் பொடி. பக்கத்தில் நின்று தும்மினால் விதை அடுத்த ஊருக்குப் போய்விடும். சாம்பலோடு கலந்து பாத்தியில் தூவ வேண்டும். தூவியபின் தண்ணீர் தெளிப்பதில்தான் இருக்கிறது சமாச்சாரம். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும். அதற்குமுன் வருஷா வருஷம் அவள் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அள்ளித் தெளித்துத்தான் முளைக்க வைத்தாள். பாத்தி பெருகப் பெருக முதுகு கேட்கவில்லை. அதனால் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த ஏகாம்பர ஆசாரியிடம் போய் யோசனை கேட்டாள்.

ஆசாரி கெட்டிக்காரர். பித்தளைக் குடத்துக்கு நீளமாக ஒரு மூக்கு வைத்தார். மூக்கின் நுனியில் சல்லடைக் கண் போட்ட ஒரு தகட்டைப் பொருத்தினார். சாய்த்தால் தூறல் மாதிரி விழும். உலகத்தில் முதல் பூவாளி அதுதான். எல்லாம் சரி, பிடிதான் சரியில்லை.

முதலில் அண்டாவுக்கு வைப்பதுபோல இரண்டு பக்கமும் இரண்டு காது வைத்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் தூக்கி, வயிற்றுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? பாதிப் பாத்தியில் கை நடுங்கி, குடம் விழுந்து, விதையெல்லாம் வாய்க்காலோடு போயிற்று. அடுத்து, வாளிக்கு வைப்பதுபோல மேலே ஒரு வளையம் வைத்தார். தூக்கி வரச் சுகமாகத்தான் இருந்தது. ஊற்றும்போதுதான் வளையம் தன் பாட்டுக்குச் சுழன்றது. அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. ஈரக் கை வழுக்கி, மறுபடியும் தொப்பென்று விழுந்து, இரண்டாவது விதைப்பும் போயிற்று.

சுரைக்குடுக்கையின் அடியில் ஒரு கைப்பிடி விதைதான் மிச்சம். கார்த்திகைக் குளிர் இருக்கும்போதே அதை விதைத்தாக வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் அந்த விதை முளைக்காது. இதுவும் போனால் அந்தச் சீமையில் இனி மருக்கொழுந்து என்ற பேச்சே இருக்காது. சிலம்பாயி குடுக்கையை மடியில் கட்டிக்கொண்டே அலைந்தாள். தூங்கும்போதும் அவிழ்க்கவில்லை.

மூன்றாவதாக ஆசாரி பின்பக்கத்தில் ஒரு பிடி வைத்துக் கொடுத்தார். இந்த முறை அவள் விதைக்கவில்லை. வெறும் பாத்திக்கு ஊற்றிப் பார்த்தாள். சாய்க்கும்போது அருமையாகச் சாய்ந்தது. ஆனால் கிணற்றிலிருந்து பாத்திவரை வருவதற்குள் குடம் முன்னால் தலை குப்புறக் கவிழப் பார்த்தது. வரப்பெல்லாம் நனைந்தது, பாத்தி மட்டும் காய்ந்து கிடந்தது. மணிக்கட்டு வேறு பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

அவ்வளவுதான். சிலம்பாயி நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"ஏகாம்பரண்ணே, இதை நீங்க ஒரு தடவையாச்சும் தூக்கிப் பாத்தீகளா?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்டே! தூக்கிப் பாக்காம குடுப்பேனா? இந்தா பாரு." ஆசாரி பூவாளியை ஒற்றை விரலில் மாட்டி ஆட்டிக் காட்டினார். "பஞ்சு மாதிரி இருக்கு."

"தண்ணி எங்கண்ணே?"

"தண்ணியா? எதுக்கு?"

சிலம்பாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். விஷயம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஆசாரியின் பட்டறைக்குள் தண்ணீர் நுழையவே கூடாது. உருக்கிய பித்தளைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் வெடித்துச் சிதறும். குடிப்பதற்குக்கூட அவர் தெருவுக்கு வந்துதான் குடிப்பார். ஆகவே அவர் செய்த பாத்திரம் ஒவ்வொன்றையும் காலியாகவே தூக்கிப் பார்த்து, காலியாகவே மெச்சிக்கொண்டு, காலியாகவே கொடுத்தார்.

"எந்திரிங்கண்ணே. தோட்டத்துக்கு வாங்க."

கிணற்றடியில் பூவாளி நிறையத் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். ஆசாரி நாலு எட்டு வைத்தார். பூவாளி தலையைக் கவிழ்த்தது. தண்ணீர் மொத்தமும் அவர் காலில் கொட்டியது. கார்த்திகைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்குமே! ஆசாரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்த குதியைப் பார்த்துக் கிணற்று மாடு வாய்விட்டுச் சிரித்தது.

"ஆத்தாடி! தண்ணிக்கு இவ்வளவு கனமா!"

"இப்பத் தெரியுதா? தூக்கும்போது பிடி மேல இருக்கணும், ஊத்தும்போது பின்னால இருக்கணும். அதுதான் எனக்கு வேணும்."

"அதுக்குப் பிடிக்குக் கால் முளைச்சு நடக்கணுமே தங்கச்சி!"

இரண்டு பேரும் பூவாளியை நடுவில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். எங்கே நாலு பேர் கூடினாலும் அங்கே வந்து நிற்கும் செவலை நாய் அன்றைக்கும் வந்து நின்றது. பூவாளிக்குப் பின்புறம் முதுகைக் காட்டி நின்று, ஆசாரி புலம்புவதை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது ஓர் ஈ வந்து பூவாளியின் வாயில் உட்கார்ந்தது. ஈயை விரட்டுவதற்காக நாய் தன் நேரான வாலைத் தூக்கி, முதுகுப் பக்கமாக இல்லாமல், பின்னால் பூவாளியின் மேலாக வளைத்து ஒரு போடு போட்டது. ஈ பறந்துவிட்டது. வால் மட்டும் அப்படியே கிடந்தது. பூவாளிக்குப் பின்னால் அதன் அடிவயிற்றருகே தொடங்கி, மேலே எழும்பி, வாயைத் தாண்டி, முன்னால் மூக்கின் பக்கம் போய் முடிந்தது.

சிலம்பாயி அதைப் பார்த்தாள். அவள் கை தானாகப் போய் அந்த வாலின் உச்சியைப் பிடித்தது. தூக்குவதற்கு அங்கே. கையை மெல்லப் பின்னால் வழுக்கிக் கொண்டுவந்தாள். ஊற்றுவதற்கு இங்கே. மறுபடியும் உச்சிக்குப் போனாள். மறுபடியும் பின்னால் வந்தாள்.

"அண்ணே!" அவள் குரல் கிணற்றுக்குள் எதிரொலித்தது. "பிடி நடக்க வேணாம்ணே! கை நடந்தாப் போதும்!"

ஆசாரி துள்ளி எழுந்தார். "டேய் செவலை, அசையாதே! அந்த வளைவு கலைஞ்சா எனக்குத் திரும்பக் கிடைக்காது!"

"ஏன், நான் என்ன பண்ணேன்?" என்றது நாய், வழக்கமாகத் திட்டு வாங்கும் குரலில்.

"நீ ஒண்ணும் பண்ணாதே. அதுதான் இப்ப உன் வேலை."

வேலை என்ற சொல்லைக் கேட்டதும் நாய்க்குக் காது இரண்டும் நட்டுக்கொண்டன. அதைப் பார்த்து அந்தச் சொல்லை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆசாரி குளத்து வண்டலைக் குழைத்துக்கொண்டு வந்து, வாலின் அடியிலிருந்து நுனிவரை கனமாக அப்பினார். மண் காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து எடுத்துவிடலாம். அந்த அச்சுக்குள் பித்தளையை உருக்கி ஊற்றினால் பிடி தயார். காயும்வரை வால் ஒரு மயிரளவும் அசையக் கூடாது. உயிருள்ள வாலில் அச்செடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும் என்று அந்த அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

காலையில் அப்பிய மண், உச்சிப் பொழுது தாண்டியும் காயவில்லை. கார்த்திகை வெயில் அப்படி. செய்தி ஊருக்குள் பரவி, பிராணிகள் ஒவ்வொன்றாக வேடிக்கை பார்க்க வந்தன. "என்ன செவலை, வாலை அடகு வெச்சுட்டியா?" என்றது காக்கை. நாய் கண்ணை மட்டும் உருட்டியது. உண்ணி கடித்தது. சொறியவில்லை. சிலம்பாயி கம்மங்கூழைக் கரைத்து வாயில் ஊட்டினாள். நாய் நாக்கை மட்டும் அசைத்துக் குடித்தது. ஒரு பொழுது மேகம் கூடி நாலு சொட்டுத் தூறல் விழுந்தபோது அவள் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து வாலுக்கு மேலே பிடித்துக்கொண்டாள். வீங்கிய மணிக்கட்டு விண்விண் என்று வலித்தது. இருந்தும் கையை இறக்கவில்லை.

"கை வலிக்குதாக்கா?" என்றது நாய், தலையைத் திருப்பாமல்.

"உனக்கு வால் வலிக்கலையா?"

"வேலைன்னா வலிக்கத்தானே செய்யும்?" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னது நாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூனை வந்தது. வாயில் கருவாட்டுத் துண்டைக் கவ்விக்கொண்டு, நாயின் மூக்குக்கு நேராக இப்படியும் அப்படியுமாக நடந்தது. போதாதென்று உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. நாயின் உடம்பெல்லாம் உதறியது. தொண்டைக்குள் உறுமல் உருண்டது. சிலம்பாயி மடியிலிருந்த குடுக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதறல் நாயின் முதுகுவரை வந்தது, இடுப்புவரை வந்தது, வாலின் அடியில் வந்து நின்றுவிட்டது. வால் அசையவில்லை. பூனைமேல் நாய்க்கு உள்ள கோபம் அன்றைக்குப் பிடித்ததுதான், இன்றுவரை தணியவில்லை.

பொழுது சாயும்போது மண் கல்லாக இறுகிவிட்டது. ஆசாரி உளியால் மெதுவாகத் தட்டி இரண்டு பாதியாகப் பிரித்தார். அச்சு உள்ளே பழுதில்லாமல் இருந்தது. "அம்சம்!" என்று அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

வால் மட்டும் வளைந்தது வளைந்தபடியே இருந்தது.

சிலம்பாயி ஓடிவந்து வாலைப் பிடித்தாள். நீவி விட்டாள். விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். மூங்கில் குச்சியை வைத்துக் கட்டினாள். கட்டை அவிழ்த்ததும் டங்கென்று பழையபடி வளைந்துகொண்டது. "பாவி நான், உன் வாலைக் கெடுத்துட்டேனே!" என்று அவள் கண் கலங்கினாள்.

நாய் கழுத்தைத் திருப்பித் தன் வாலைப் பார்த்தது. இப்படி ஆட்டியது, அப்படி ஆட்டியது. நேர்வாலாக இருந்தபோது ஆட்டினால் போகிறவன் காலில்தான் படும். இப்போது மேலே நின்று அழகாக ஆடியது.

"விடுங்கக்கா. நான் வேலை பாத்தேன்னு இனிமே யாருக்கும் நான் சொல்ல வேணாம். இதுவே சொல்லும்."

மறுநாள் புதுப் பிடியோடு பூவாளி வந்தது. அடியில் தடித்து, நுனியில் மெலிந்து, அச்சு அசல் செவலையின் வால்தான். ஆசாரி அதில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பார்த்த பிறகே கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சிலம்பாயி கடைசிக் கைப்பிடி விதையைச் சாம்பலோடு கலந்து தூவினாள். கிணற்றிலிருந்து உச்சியைப் பிடித்துத் தூக்கிவந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பாத்தியருகே வந்ததும் கை பின்னால் வழுக்கியது. பூவாளி தலை சாய்த்தது. மண்ணுக்கு வலிக்காமல் தூறல் விழுந்தது. இருந்த இடத்தைவிட்டு ஒரு விதைகூட நகரவில்லை. சிலம்பாயி நின்ற இடத்திலேயே சிரித்தாள், அழுதாள், இன்னொரு நடை போய்த் தண்ணீர் மொண்டு வந்தாள்.

மார்கழி பிறப்பதற்குள் பாத்தி பச்சைப் பொடி தூவியதுபோல ஆயிற்று. தையில் வாசம் தெருவைத் தாண்டிக் கோயில்வரை போனது. முதல் கொத்தைச் சிலம்பாயி தன் கொண்டையில் செருகினாள். இரண்டாவது கொத்தை நாயின் வால் வளைவில் கட்டிவிட்டாள். அன்று முழுக்க நாய் ஊர்வலம் போனது.

ஆனால் வேலை ருசி கண்டவனால் சும்மா இருக்க முடியுமா? மறுநாள் காலை சிலம்பாயி தோட்டத்துக்குள் நுழைந்தால், மருக்கொழுந்துப் பாத்தி ஓரத்தில் நாய் மிகவும் பொறுப்பான முகத்தோடு ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"அடேய்! என்னடா பண்றே?"

"தண்ணி ஊத்துறேன்க்கா. பிடி என்னோடது, ஊத்துறது மட்டும் நீங்களான்னு யோசிச்சேன். என்கிட்ட இருக்குற பூவாளி இவ்வளவுதான்."

சிலம்பாயி சிரித்த சிரிப்பில் கொண்டையிலிருந்த மருக்கொழுந்து கீழே விழுந்தது. அதட்டினால் பிள்ளை மனசு வாடிவிடும், விட்டால் பயிர் வாடிவிடும். சிரித்துக்கொண்டே யோசித்து, கிணற்றடிக் கல்தூணைக் காட்டினாள்.

"செடியையெல்லாம் நான் பாத்துக்கிறேன். அந்தத் தூணுக்கு இதுவரைக்கும் யாருமே தண்ணி ஊத்துனதில்ல. அது உன் பொறுப்பு."

நாய் தூணை மேலும் கீழும் பார்த்தது. "துளிர்க்குமாக்கா?"

"விடாம ஊத்து. பாக்கலாம்."

அன்று முதல்தான் பூவாளியின் பிடியும் நாயின் வாலும் ஒரே வளைவாக இருக்கின்றன. அன்று முதல்தான் எந்த ஊர் நாயும் எந்தத் தூணைக் கண்டாலும் நின்று, துளிர் விட்டிருக்கிறதா என்று முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று தெரிந்ததும், நம்பிக்கை தளராமல் காலைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறது.