ஈட்டிக்காரன் பேரு

தொரைக்குப் பேரு பிடிக்கலையாம்ல, மாத்தணுமாம்! சரி, மாத்திருவோம். முதல்ல கதையைக் கேளு. அத்தை சொல்லச் சொல்ல 'ம்' போடணும். இல்லன்னா பாதியில நிறுத்திருவேன், பாத்துக்க.

ஒரு ஊர்ல ஒரு அமலோற்பவம் இருந்தா. தூத்துக்குடிக் கடக்கரைல வீடு. அவளுக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. அவ அப்பா சாவுறதுக்கு முன்னால, "பேரன் பிறந்தா எங்க தாத்தா பேரைப் போடு தாயி"ன்னு கேட்டுட்டுத்தான் கண்ணை மூடினாரு. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். ஆனா அவ மாமியா செபஸ்தியம்மா விடுவாளா? "அந்த ஈட்டிக்காரன் பேரா? வட்டிக்குக் குடுத்துட்டு வாசல்ல நின்னு கத்துறவன் பேரு என் பேரனுக்கு வேண்டாம்"னுட்டா. ஊரே அந்தத் தாத்தாவை ஈட்டிக்காரன்னுதான் சொல்லும். அமலோற்பவத்துக்கு அழுகையா வந்துச்சு. அப்பா கடைசியாக் கேட்டது அது ஒண்ணுதானே. கேக்கியாலே?

ம்.

அப்புறம் அப்பாவோட தகரப் பெட்டியைத் திறந்தா. கிரீச்! உள்ள பூரா பழைய தாளு. முதல்ல ஒரு கோயில் கல்யாணச் சீட்டு. அதுலயும் பேருக்கு முன்னால 'ஈட்டிக்காரன்'னு எழுதியிருக்கு. மாமியா எட்டிப் பாத்துட்டு, "பாத்தியா, சாமியாரே எழுதிட்டாரு"ன்னா.

அப்புறம் ரெண்டாவது தாளு. வெள்ளக்காரன் கப்பல் சீட்டு, இங்கிலீசு. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சா. அது திமிங்கிலம் புடிக்கிற கப்பலுலே! விளக்கெரிக்க எண்ணெய் வேணும்னு அப்பல்லாம் அதைக் கொல்லுவாங்க, பாவம். தாத்தாவுக்கு என்ன வேலைன்னா, படகு மூக்குல நின்னு ஈட்டி எறியுற வேலை. நெசமான ஈட்டி! வட்டியாவது கிட்டியாவது! ஒரு மனுசனை ஊரே சும்மா வாயில போட்டு மென்னுருக்கு.

ம்.

மாமியா மூஞ்சி தொங்கிட்டு. ஆனாலும் விட்டுக்குடுக்கல. "அப்போ அவ்ளோ பெரிய வாயில்லாச் சீவனைக் குத்திக் கொன்னவன்தானே?"ன்னா. அமலோற்பவம் கப்பல் சீட்டைத் திரும்ப மடிக்கப் போனா.

அப்போ அந்தச் சீட்டோட மடிப்புக்குள்ள மூணாவது தாளு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தாத்தா பொஞ்சாதிக்கு எழுதின கடுதாசி. "புஸ்ஸ்ஸுன்னு தண்ணி கிளம்புச்சு. பாத்தா தாயும் குட்டியும். தாயி குட்டியைத் தன் முதுகுல தாங்கிட்டுக் கிடந்துச்சு. எறி, எறின்னு எல்லாரும் கத்துதாங்க. எனக்கு நீ பிள்ளையோட நிக்கது மாதிரி இருந்துச்சு. ஈட்டியைத் தொபுக்கடீர்னு கடல்ல போட்டுட்டேன். கப்பலை விட்டு இறக்கிட்டாங்க. வெறுங்கையோட வாரேன், திட்டாத."

மாமியா, "இன்னொரு தடவ படி"ன்னா. படிச்சா. மாமியா முந்தானையில மூக்கைச் சிந்திட்டு, "கிறுக்குப் பய"ன்னு சொல்லி, தொட்டில்கிட்ட போயி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. ஞாயித்துக்கிழமை கோயில்லயும் அந்தப் பேருதான்.

அந்தப் பயதான் இப்ப என் மேல காலைப் போட்டுக்கிட்டு, பேரை மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். என்னலே, மாத்திருவமா?

ம்ஹும்.

அப்படிச் சொல்லு. கதை கரை சேந்துட்டு, கண்ணை மூடு, இன்னாசி.