தும்பியின் கைகள்

காட்டாற்று மடுவொன்றின் கரையில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. அம்மா பெயர் குவளை. அப்பா கரையன். அவர்களுக்கு ஒரே மகள், தும்பி.

தும்பி மீனைக் கண்டால் முன்னங்கைகள் இரண்டையும் படபடவென்று உதறுவாள். அலையைக் கண்டாலும் உதறுவாள். ஒன்றுமே இல்லாவிட்டால் மணலில் சுற்றிச் சுற்றி வருவாள். பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் திரும்ப மாட்டாள்.

குவளைக்கு அதுதான் கவலை. அந்த மடுவில் ஒரு முதலை இருந்தது. முதலை தலைகாட்டினால் பெரியவர்கள் சீழ்க்கை அடிப்பது நீர்நாய்களின் வழக்கம். குட்டிகள் ஓடி வளைக்குள் புகுந்துவிடும். சீழ்க்கைக்குத் திரும்பாத பிள்ளையை என்ன செய்வது?

"கொக்கு வைத்தியரம்மாகிட்ட காட்டலாமே!" என்றாள் குவளை.

"என்னத்தைக் காட்டுறது?" கரையன் எரிந்து விழுந்தான். "என் தம்பியும் சின்ன வயசுல இப்படித்தான் கையை உதறுவான். இப்போ அவன் நீச்சலுக்கு ஈடு உண்டா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க!"

அந்த நாலு பேர் யார் தெரியுமா? இரண்டு தவளை, ஒரு நண்டு. மடுவில் வேறு அக்கம்பக்கமே கிடையாது.

குவளை விடவில்லை. கடைசியில் கரையன் இறங்கி வந்தான். "சரி, போவோம். ஆனா பிள்ளை அங்கே ஒழுங்கா உட்காரணும்!"

அதற்கு அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். தும்பியின் வலக்கையில் ஒரு மீன், இடக்கையில் ஒரு மீன். கை நிறைய மீன் இருந்தால் எப்படி உதறுவாள்? குவளைக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வைத்தியரிடம் போகும்போது பிள்ளை நல்லபடியாகத் தெரிய வேண்டாமா!

கொக்கு வைத்தியர் ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். தும்பி சமர்த்தாக மீன் தின்றாள். ஒன்று தீர்ந்ததும் கரையன் அடுத்ததைக் கையில் திணித்தான்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் வைத்தியர்.

"ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான்!" என்று கரையன் முந்திக்கொண்டான். குவளையும் தலையாட்டினாள்.

"பிடிவாதத்துக்கு என்கிட்ட மருந்து இல்லையே. போயிட்டு வாங்க."

"பார்த்தியா! வைத்தியரம்மாவே சொல்லிட்டாங்க!" கரையன் வழியெல்லாம் குதித்துக்கொண்டே வந்தான். குவளையும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தும்பி கரையோரம் சுற்றத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால், நீருக்கு மேலே, முதலையின் முதுகு! குவளை சீழ்க்கை அடித்தாள். கரையனும் அடித்தான். தும்பி திரும்பவே இல்லை. குவளை பாய்ந்து பிள்ளையைக் கவ்விக்கொண்டு வளைக்குள் விழுந்தாள். முதலையின் வாயில் வெறும் மணல்தான் அகப்பட்டது.

குவளைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கொக்கை ஏமாத்திட்டோம்! முதலையை ஏமாத்த முடியுமா?"

கரையன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டான்.

மறுநாள் மீன் எடுத்துக்கொள்ளாமல் போனார்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார்கள். தும்பி உதறினாள், சுற்றினாள், கூப்பிட்டபோது திரும்பவில்லை. வைத்தியர் நெடுநேரம் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார்.

"கை உதறுறதை மட்டும் வச்சு எதையும் சொல்லிட முடியாது. எத்தனையோ குட்டிங்க உதறும். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துதான் சொல்றேன். உங்க பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கு."

"அந்த உதறலை எப்படி நிறுத்துறதுங்க?" என்றான் கரையன்.

"அதை எதுக்கு நிறுத்தணும்? சந்தோஷம் வந்தா நீ குதிக்க மாட்டியா? அவ உதறுறா! ஆபத்துன்னா அவளை எப்படிக் கூப்பிடுறது, முதல்ல அதைப் பார்ப்போம்!"

சத்தத்தைவிட அலைதான் தும்பியின் கவனத்தை இழுக்கிறது என்று வைத்தியர் கண்டுகொண்டார். அன்று முதல் அம்மாவும் அப்பாவும் வாலால் தண்ணீரை அறைந்து அழைக்கத் தொடங்கினார்கள். லேசில் பலிக்கவில்லை. முதலில் தும்பி அலையைப் பார்த்துக் கையை உதறிவிட்டு அங்கேயே நின்றாள். போகப்போக, அலை வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு அந்தப் பக்கமே நடந்து வந்தாள்.

மழைக்காலத்தில் முதலை மறுபடியும் வந்தது. வளை வாசலில் நின்ற கரையன் வாலை ஓங்கித் தண்ணீரில் ஓர் அறை அறைந்தான். அலை தும்பியின் காலைத் தொட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். விடுவிடுவென்று ஓடி வந்து அப்பாவின் மேல் விழுந்தாள்.

"வந்துட்டா! கூப்பிட்டதும் என் பொண்ணு வந்துட்டா!" என்று கரையன் அழுதுகொண்டே கத்தினான்.

பிள்ளையை உள்ளது உள்ளபடி காட்டும் பெற்றோருக்கே, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய உதவி வந்து சேரும்.