வேதகிரிக்கு வாய்க்காத பெயர்

மடத்துக் கணினிக்குப் புது விண்டோஸ் வந்து மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் வேதகிரி சரியாகச் சாப்பிடவில்லை.

மின்வாரியத்தில் முப்பது வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். குருவான சிவபூரணி அம்மாவைவிடப் பதினாறு வயது மூத்தவர். அம்மாவின் உரைப் பதிவுகள் வெறும் எண்களாகக் கிடந்தன. அவற்றுக்குப் பெயர் வைக்கும் வேலையை அவராகவே கேட்டு வாங்கியிருந்தார்.

"அம்மா, இது என்னைப் பைத்தியமாக்குது. போன வாரம் வரைக்கும் பேர் மாத்த முடிஞ்சுது. இப்போ, கோப்பு வேற எங்கேயோ திறந்திருக்கு, மாத்த முடியாதுங்குது. நான் எதையும் திறக்கலை. சத்தியமா திறக்கலை."

அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலது பக்கம் ஓரமா என்னமோ தெரியுதே?"

"அது முன்னோட்டம். புதுசா வந்திருக்கு. தொட்ட கோப்பைத் தானா காட்டும்."

"காட்டணும்னா திறக்கணுமே."

வேதகிரி அந்த ஓரத்தை மூடினார். பெயர் உடனே மாறியது. நெற்றியில் அடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த உற்சாகத்தில் வேதகிரி கேட்டுவிட்டார்.

"அப்படியே எனக்கும் ஒரு பேர் வெச்சிடுங்கம்மா. ரெண்டு வருஷமா தள்ளிப் போடறீங்க. இந்தத் தைப்பூசத்துக்காவது காவி கொடுங்க."

அந்த மடத்தில் காவி வாங்குகிறவர் பழைய பெயரை விட்டுவிட வேண்டும். பிறகு அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது.

அம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்க தம்பி மக கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?"

வேதகிரியின் முகம் சுருங்கியது. "நான் போகலைம்மா."

"ஏன்?"

"பத்திரிகையில என் பேரைப் போடலை. பொண்ணுக்குச் சொந்தப் பெரியப்பா நான். அவன் மச்சான் பேர் இருக்கு, மச்சானோட சகலை பேர்கூட இருக்கு."

"ஆவணியில நடந்த கல்யாணம். இன்னும் பேர் வரிசை மறக்கலையே. பத்திரிகை இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அம்மா அதை ஒரு வரி விடாமல் படித்தார்.

"எந்தப் பேரைப் போடலை?"

"வேதகிரிங்கற பேரைத்தான்."

"அதைத்தானே விட்டுடணும்னு கேக்கறீங்க?"

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. அம்மா பத்திரிகையைப் பதமாக மடித்து அவர் கையில் வைத்தார்.

"உங்க தம்பி ஊருக்கு ரெண்டு மணிக்கு அரக்கோணம் பஸ் இருக்கு. முதல்ல சாப்பிடுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பூவும் பழமும் வாங்கிட்டுப் போங்க. உங்களுக்கு எடுத்து வெச்ச பேர் எங்கேயும் போகாது, நான் பத்திரமா வெச்சிருக்கேன்."