நாவல் குளத்தின் தெளிந்த தண்ணீர்

வேங்கையும் மருதமும் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில் நாவல் குளம் என்று ஒரு குளம் இருந்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் விலங்குகள் ஓடைக்குப் போகும். நாவல் குளத்துக்கு வருவது விளையாடத்தான்.

அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு கொக்கு. தண்ணீரில் விழுந்த முட்கிளைகளை அகற்றும். முயல் குட்டிகள் ஆழத்துக்குப் போகாமல் தடுக்கும். நீச்சல் பந்தயத்தில் யார் முந்தியது என்று தீர்ப்புச் சொல்லும். குளத்து மீனையோ நண்டையோ அது தொடுவதில்லை. பசித்தால் ஓடைக்குப் பறந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரும்.

"பொறுப்பாக இருக்கும் இடத்தில் வாயை வைக்கக் கூடாது" என்று அது அடிக்கடி சொல்லும்.

குளத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். உடம்பில் ஈரம் காயும்வரை யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. அதனால் மான்கள் கரையேறியதும் உடம்பை உதறாமலே வீட்டுக்கு ஓடும்.

அந்த நாட்களில் குளத்துத் தண்ணீர் பழுப்பாக இருக்கும். எருமைகள்தான் காரணம். காலையில் வந்து இறங்கினால் பொழுது சாயும்வரை எழுந்திருக்காது. குரங்குக் குட்டிகள் அவற்றின் முதுகில் ஏறி நின்று தொப்பென்று குதிக்கும். நீர்நாய்கள் இந்தப் பக்கம் முங்கி, எருமையின் வயிற்றுக்கடியில் புகுந்து, அந்தப் பக்கம் தலையை நீட்டும்.

"எருமையக்கா, கொஞ்சம் நகருங்கள்! பந்தயம் நடக்கிறது!" என்று கொக்கு கத்தும்.

"நகர்கிறேன் தம்பி" என்று மூத்த எருமை சொல்லும். சொல்லிவிட்டு அங்கேயே கிடக்கும்.

சொல்லிச் சொல்லிப் பார்த்துக் கொக்கு அலுத்துப்போனது. கடைசியில், எருமையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும் என்பதையே பந்தயத்தின் விதியாக்கிவிட்டது.

சாயங்காலம் கூட்டம் கலையும்போது கொக்கின் காது இரைந்துகொண்டிருக்கும். இறக்கையெல்லாம் சேறு தெறித்திருக்கும். "எப்போதுதான் இந்தக் குளத்தில் கொஞ்சம் அமைதி இருக்குமோ" என்று முணுமுணுத்தபடி இறகைக் கோதும்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் காட்டுச் சபையிலிருந்து செய்தி வந்தது. வரும் கோடையில் ஏழு காடுகளின் நீச்சல் போட்டி நடக்கப் போகிறது. நாவல் குளத்தில் நடத்தலாமா என்று சபையின் சார்பில் யானை வந்து பார்க்கும்.

கொக்குக்குத் தலைகால் புரியவில்லை. "ஏழு காடும் என் கரையில்!" என்று குளத்தை இரண்டு முறை சுற்றிப் பறந்தது.

கரையில் நரி உட்கார்ந்திருந்தது. குறை சொல்வதற்கென்றே தினமும் வரும் நரி அது. அது தண்ணீரில் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"சந்தோஷம்தான், கொக்காரே. ஆனால் யானை ஐயா வந்து எதைப் பார்ப்பார்? இந்தச் சேற்றையா?" என்றது நரி.

"சேறு எப்போதும் இருப்பதுதானே?"

"நீங்கள் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறீர்கள். உங்கள் குளம் புளிக் கரைசல் மாதிரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்களா?"

கொக்கு தன் இறகைப் பார்த்தது. குளத்தைப் பார்த்தது. மறுநாள் காலை எருமைகள் வந்தபோது கரையில் குறுக்கே நின்றது.

"எருமையக்கா, தப்பாக நினைக்காதீர்கள். போட்டி முடியும்வரை நீங்கள் இறங்க வேண்டாம். காட்டு எல்லையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே போய்ப் படுங்கள்."

மூத்த எருமை சற்று நேரம் அசைபோட்டது. "குரங்குப் பிள்ளைகள் எங்களைத் தேடுமே, தம்பி?"

"பழகிக்கொள்ளும்."

எருமை கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனது. கரையின் ஈர மண்ணில் அவற்றின் குளம்படிகள் மட்டும் கிடந்தன.

சில நாட்களில் சேறு அடங்கியது. தண்ணீர் தெளிந்தது. அடித் தரையில் கிடந்த நாவல் கொட்டைகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. கொக்கு தன் உருவத்தை முதன்முறையாக அந்தக் குளத்தில் பார்த்தது. நாள் முழுக்கப் பார்த்தது.

"மாமா, நாங்கள் எதன்மேல் நின்று குதிப்பது?" என்று குரங்குக் குட்டிகள் கேட்டன.

"கரையிலிருந்து குதியுங்கள்."

"கரையிலிருந்து குதித்தால், அம்மா பிடித்துக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கிறது, மாமா."

அதற்குப் பிறகு குட்டிகள் வரவில்லை. குட்டிகள் இல்லாத இடத்தில் நீர்நாய்களுக்கு யாரிடம் வித்தை காட்டுவதென்று தெரியவில்லை. அவையும் வரவில்லை. தண்ணீருக்கடியில் நண்டுகள் மட்டும் பெருகின. யாரும் மிதிக்காத தரையில் நிம்மதியாக வளை தோண்டின.

வெயில் ஏறத் தொடங்கியது. குளம் வற்றத் தொடங்கியது. ஓடை அப்படியே இருந்தது, குளம் மட்டும் வற்றியது. மான்கள் குடித்துவிட்டன என்று நினைத்த கொக்கு, "யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது" என்றது. மேலும் வற்றியது. "குதித்தால் தண்ணீர் தெறித்து வீணாகிறது. குதிக்கக் கூடாது" என்றது. மேலும் வற்றியது. "இனி நீந்தவும் வேண்டாம்" என்றது. அதைக் கேட்பதற்கு அங்கே நரியைத் தவிர யாரும் இல்லை.

"நல்ல முடிவு" என்றது நரி.

கொக்கு கேட்ட அமைதி இப்போது நிறையக் கிடைத்தது. காய்ந்து இறுகிப்போன பழைய குளம்படி ஒன்றின் பக்கத்தில் அது நின்றுகொண்டிருக்கும். நாவல் பழம் விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கும், யாராவது குதித்தார்களோ என்று. ஒருநாள் தன்னையறியாமல், "கொஞ்சம் நகருங்கள்!" என்று கத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டது.

யானை வந்த அன்று குளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. யானை இறங்கி நடுவில் போய் நின்றது. யானைகளுக்குச் சும்மா நிற்க வராது. காலை மாற்றி மாற்றி வைத்து ஆடியபடியே சுற்றிலும் பார்த்தது.

"பாருங்கள் ஐயா, ஒரு தூசு தும்பு உண்டா?" என்றது நரி.

"இல்லை. அழகான குளம்" என்றது யானை. "எங்கே நீந்துவது?"

கொக்கு ஓரடி பின்னால் நகர்ந்தது.

"நீந்துகிறவர்கள் எங்கே?" என்று யானை கேட்டது. யானை ஏறிப் போய்விட்டது. போட்டி மூன்றாவது காட்டின் ஆற்றுக்குப் போனது.

சில நாட்களில் மிச்சத் தண்ணீரும் போய், குளத்தின் அடித் தரை வெளியே தெரிந்தது. எங்கு பார்த்தாலும் நண்டு வளைகள். கொக்கு ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தது. நடுக் குளத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

யானை கால் மாற்றி நின்ற இடத்தில் அதன் காலடிக் குழிகளில் ததும்பத் ததும்பத் தண்ணீர் இருந்தது.

கொக்கு மூக்கால் குத்திப் பார்த்தது. அந்தக் குழிகளின் அடியில் களிமண் கல்லாக இறுகியிருந்தது. ஒரு வளைகூட இல்லை. மிதிபடாத இடத்தில்தான் தண்ணீர் வளைகள் வழியே மண்ணுக்குள் இறங்கிப் போயிருந்தது. அது குழியைப் பார்த்தது. கரையில் இருந்த பழைய குளம்படியைப் பார்த்தது. பிறகு காட்டு எல்லையை நோக்கிப் பறந்தது.

பள்ளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. தொப்பென்று ஒரு சத்தம், பிறகு பல குரல்களில் சிரிப்பு. கொக்கு ஒரு கிளையில் உட்கார்ந்து, மேற்கொண்டு பறக்க மனமில்லாமல், வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் காது மறுபடி இரைந்தது.

சின்னப் பள்ளம்தான். காடே அதற்குள் இருந்தது.

"வாருங்கள், கொக்காரே!" என்று ஒரு நீர்நாய் கூவியது. "இங்கே தண்ணீர் ரொம்ப அழுக்கு. உங்கள் காலில் பட்டால் பரவாயில்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். கொக்கு அதை வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றது.

"எருமையக்கா, குளத்துக்கு வந்துவிடுங்கள்."

மூத்த எருமை தலையை நிமிர்த்தியது. "எங்களைக் கூப்பிடுகிறாயா, தம்பி? இல்லை, தரையை மிதிக்கக் கால் தேடுகிறாயா?"

"கிளம்பும்போது கால்தான் தேடினேன்" என்றது கொக்கு. "வரும் வழியில் இந்தச் சத்தம் கேட்டது."

எருமை நெடுநேரம் அசைபோட்டது. "முதல் மழை பெய்யட்டும்" என்றது.

முதல் மழை பெய்தது. எருமைகள் வந்து இறங்கின. கும்மென்று மிதித்தன. புரண்டன. நண்டுகள் திட்டிக்கொண்டே ஓடைக்குக் குடிபோயின. அடுத்த மழையில் வந்த தண்ணீர் அங்கேயே நின்றது, பழைய பழுப்பு நிறத்தில். குரங்குக் குட்டிகள் முன்பைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தன. அதனால் இன்னும் பலமாகத் தெறித்தது.

நரி கரையில் தள்ளி உட்கார்ந்து மூக்கைச் சுளித்தது. "இப்படி இருந்தால் ஏழு காட்டுப் போட்டி அடுத்த தடவையும் நமக்குக் கிடைக்காது, கொக்காரே."

"கிடைக்காமல் போகட்டும், நரியாரே. நீங்கள் முதலில் இறங்கி நனையுங்கள். அப்புறம் குறை சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்."

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு இன்னும் தள்ளி உட்கார்ந்தது.

நாவல் மரத்தடியில் நீர்நாய்கள் பந்தயத்துக்கு வரிசையாக நின்றன. கொக்கு தன் இடத்தில் போய் நின்றது. அதன் இறக்கையில் சேறு அப்பியிருந்தது. அது கோதிக்கொள்ளவில்லை.

"எருமையக்கா, கொஞ்சம் நகருங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"நகர்கிறேன் தம்பி" என்றது எருமை. சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தது.

நீதி: புழங்குகிறவர்களை விரட்டிவிட்டு ஓர் இடத்தைக் காப்பாற்ற முடியாது.