அடுப்பு அங்கே, விருந்து இங்கே

மஞ்சாடி நாட்டு ராஜா செண்பகவழுதி தும்மினால் சபையே எழுந்து நிற்கும். அந்த வருஷம் சபைக்கு உட்கார நேரமே கிடைக்கவில்லை. அவ்வளவு புகை. ராஜா கட்டிக்கொண்டிருந்த ஏழு நிலை மாளிகைக்காக ஆற்றங்கரை முழுக்கச் செங்கல் சூளைகள் எரிந்தன. பக்கத்து நாடுகளிலும் இதே கூத்துதான். கடைசியில் ஐந்து ராஜாக்களும் கூடிப் பேசி, அடுத்த ஆடிக்குள் அவரவர் நாட்டுப் புகையைப் பாதியாகக் குறைப்பது என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஆடி வந்தது. மந்திரி நல்லகுற்றாலம் சபையில் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, நம் நாட்டில் இப்போது ஒரு சூளைகூடப் புகையவில்லை. பாதி என்றோம், முழுதையும் ஒழித்துவிட்டோம்."

சபை கைதட்டியது. கூத்தபிரான் மட்டும் தட்டவில்லை. சபையில் விகடம் பேசுவது அவர் உத்தியோகம். அன்று காலையில்தான் அவர் மனைவி, கொடியில் காய்ந்த வேட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள். அது கரிச்சட்டியைத் துடைத்த துணி மாதிரி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காதே.

"சூளைகளை என்ன செய்தீர்கள், மந்திரியாரே?"

"ஆற்றுக்கு அக்கரையில் போட்டுவிட்டோம். அது புன்னை நாடு. அங்கே எழும் புகை அவர்கள் கணக்கு."

"செங்கல்?"

"பரிசலில் இங்கே வந்துவிடும்."

"அப்படியானால் புகையும் வந்துவிடுமே. அதற்குப் பரிசல்கூட வேண்டாம்."

சிலர் சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்குச் சுருக்கென்றது. மந்திரி அவர் காதோரம் குனிந்து ஒரு யோசனை சொன்னார். ராஜா மீசையைத் தடவிக்கொண்டார்.

"கூத்தபிரான், பௌர்ணமியன்று மற்ற நாலு ராஜாக்களும் இங்கே விருந்துக்கு வருகிறார்கள். சமையல் உம் பொறுப்பு. அரண்மனை அடுக்களையில் ஓர் இழை புகை வரக்கூடாது. பதார்த்தம் ஒன்றும் குறையக்கூடாது. ஆறிப்போனதையும் பரிமாறக்கூடாது. தவறினால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

கூத்தபிரான் சபையை விட்டு வெளியே வந்தார். இந்த வயதில் வேறு நாட்டுக்குப் போய் யாரைச் சிரிக்க வைப்பது? வீட்டுக்குப் போய் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தார். மறுபடி துவைத்தும் வெளுக்காத அந்தக் கரி வேட்டி கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து உட்கார்ந்து தானாகச் சிரித்தார்.

விருந்தன்று ராஜா விருந்தாளிகளை நேரே அடுக்களைக்குக் கூட்டிப்போனார். அடுப்புகள் இருந்த இடத்தில் கோலம் போட்டிருந்தது. நடுவில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இலை போட்டதும் வடையும் அதிரசமும் பாயசமும் ஆவி பறக்க வந்தன. ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மந்திரியின் முகம் தொங்கிப்போனது.

மற்ற ராஜாக்களும் தங்கள் பெருமையை எடுத்துவிட்டார்கள். ஒருவர், காடு பற்றி எரிந்த வருஷத்தோடு ஒப்பிட்டால் தம் நாட்டுப் புகை எவ்வளவோ குறைவு என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கீழண்டை ஜன்னல் வழியாகப் புகை திரண்டு வந்தது. எல்லாம் ஈர விறகுப் புகை. ராஜாக்களின் கண்ணில் தாரை தாரையாக நீர். புன்னை நாட்டு ராஜா இருமிய வேகத்தில் அவர் கையிலிருந்த வடை பாயசத்தில் விழுந்தது.

"கூத்தபிரான், அடுப்புகள் எங்கே?" என்று செண்பகவழுதி கத்தினார்.

"மந்திரியார் வீட்டுக் கொல்லையில், மகாராஜா. நம் மதிலுக்கு அந்தப் பக்கம். அங்கே எழும் புகை அவர் கணக்கு."

"என் வீட்டிலா? யாரைக் கேட்டு?" என்றார் மந்திரி.

"உங்கள் வீட்டம்மாவைக் கேட்டுத்தான். முதல் ஈடு அதிரசம் உங்களுக்கு என்றேன். உடனே கதவைத் திறந்துவிட்டார்கள்."

"என் மூக்கில் ஏறும் புகை யார் வீட்டில் எழுந்தால் எனக்கென்ன?" என்று ராஜா சீறினார். சீறிய பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது.

புன்னை நாட்டு ராஜா மெல்லக் கனைத்தார். "வழுதி, நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சுண்ணாம்புக் காளவாய்கள் உங்கள் மலைக்குப் பின்னால்தான் எரிகின்றன."

மற்ற மூவரும் குனிந்து இலையைப் பார்த்தார்கள்.

"பிறகு புகை யார் கணக்குதான்?" என்று ராஜா கேட்டார்.

"சோறு யார் இலையில் விழுகிறதோ அவர் கணக்கு, மகாராஜா. செங்கல் யார் மாளிகையில் ஏறுகிறதோ..." கூத்தபிரான் முடிக்காமல் ஜன்னலுக்கு வெளியே ஏழு நிலை மாளிகையின் சாரத்தைப் பார்த்தார்.

ராஜா அவரையே உற்றுப் பார்த்தார். "அப்படியானால் இன்றைய புகை என் அடுக்களைப் புகை. நீர் தோற்றீர். நாட்டை விட்டுப் போம்."

மந்திரிக்கு உயிர் வந்தது. கூத்தபிரான் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உத்தரவு, மகாராஜா. அக்கரைக்கே போகிறேன். சூளையை அங்கே அனுப்பினீர்கள், புகை திரும்பி வந்தது. என்னை அனுப்புங்கள், என் பேச்சும் திரும்பி வரும்."

ராஜா சிரித்தார். சிரித்ததில் இருமினார், இருமியதில் தும்மினார். பந்தியில் இருந்த சபை மொத்தமும் எழுந்து நின்றது.

ஏழு நிலை மாளிகை மூன்றாம் நிலையோடு நின்றது. மற்ற ராஜாக்களும் முணுமுணுத்துக்கொண்டே தங்கள் சூளைகளை அணைத்தார்கள். கூத்தபிரானுக்குத் தண்டனைக்குப் பதிலாக வெள்ளைப் பட்டு வேட்டி ஒன்று பரிசாகக் கிடைத்தது. அவர் மனைவி ஒரு மாதம் பொறுத்திருந்து, வானத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அது வெள்ளையாகவே காய்ந்தது.