பன்னிரண்டு தடவை கேட்ட கேமரா

"டீச்சர், என் கையில எப்போதான் கேமராவைத் தருவீங்க?"

ஆறு மாதமாக வைஜயந்தி கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. குருவுக்கு வயது இருபத்தெட்டு, சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. தூத்துக்குடியில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் பிலோமிக்கு லைட் பிடிப்பதும், பை தூக்குவதும், ஒரு மெமரி கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் படங்களைக் காப்பி பண்ணி வைப்பதும்தான் வைஜயந்தியின் வேலை.

"தரலாம்க்கா" என்பாள் பிலோமி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று வைஜயந்திக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அனிட்டாவின் கல்யாணம். அவள் அப்பா சூசைக்கு மூளையில் கட்டி. மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள், மறுநாள் ஆபரேஷன். பிழைப்பாரோ மாட்டாரோ என்றுதான் கல்யாணத்தையே முன்னுக்கு இழுத்தார்கள். மாதா கோவிலுக்கு வர முடியாத மனிதர், முந்தின நாளே கட்டிலில் படுத்தபடி மகள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார். வலது கை விழுந்துவிட்டதால் இடது கையால். அந்தப் படங்கள் ஒரு கார்டில் இருந்தன. காலையில் கோவிலில் எடுத்தவை இன்னொன்றில்.

மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிலோமி ஒரு கேமராவோடு மேடையில் நின்றாள். பக்கத்து அறையில் வைஜயந்தி இரண்டு கார்டுகளையும் இன்னொரு கேமராவில் சொருகி, கோவில் படங்களை நேற்றைய கார்டுக்குக் காப்பி கொடுத்தாள். அது முடிந்ததும் கோவில் கார்டைப் பெரிய திரையில் போடக் கொடுக்க வேண்டும்.

கதவை உடைக்காத குறையாக வந்து நின்றான் பெண்ணின் அண்ணன் ஜெரால்டு.

"ஆன்ட்டி, ஆச்சா? ஸ்கிரீன்காரர் கத்துறாரு."

"நான் என்ன ஊறுகாயா போட்டுட்டிருக்கேன்? மெஷின்தானே, ஓடட்டும். நில்லுங்க தம்பி."

மெஷின் நின்றது. இந்த நம்பரில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டது.

ஒரே நம்பர் என்றால் ஒரே படம்தானே. வை என்று அமுக்கினாள். அடுத்த படத்துக்கும் கேட்டது. அமுக்கினாள். ஒரு தடவை சொன்னால் புரியாதா சனியனே என்று முணுமுணுத்துக்கொண்டே, ஜெரால்டின் முகத்தைப் பார்த்தபடி அமுக்கினாள்.

பன்னிரண்டாவது தடவைதான் திரையைப் பார்த்தாள். இரண்டு சின்னப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் பூ ஒட்டிய கார். மற்றதில் சூசை களைத்துப்போய்க் கண்ணை மூடியிருந்தார். சிலுவை போட்டு முடித்த பிறகு எடுத்த படம்.

நேற்று எடுத்த கேமரா வேறு, இன்று எடுத்தது வேறு. இரண்டிலும் புதுக் கார்டு. இரண்டும் ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கியிருந்தன.

வைஜயந்தி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"தம்பி, டீச்சரைக் கூப்பிடுங்க. ஓடுங்க."

பிலோமி வந்து பார்த்தாள். காப்பியை நிறுத்தினாள். நேற்றைய கார்டை உருவி, இனி எதுவும் பதியாதபடி அதன் பக்கவாட்டில் இருந்த சின்னப் பூட்டைத் தள்ளி, டப்பாவில் போட்டு மூடினாள். கோவில் கார்டை ஜெரால்டிடம் கொடுத்து அனுப்பினாள்.

"எத்தனைக்கா?"

"பதினொண்ணு. சிலுவை போட்டது பூராவும்."

வைஜயந்தியே தொடர்ந்தாள். "திட்டிடுங்க டீச்சர்."

பிலோமி டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"அழிஞ்சதைத் திரும்ப எடுக்க முடியாதா?"

"கடையில குடுத்துப் பார்க்கலாம். வந்தாலும் வரும், வராமலும் போகும்." கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி ஒண்ணே முக்கால். வீடு பத்து நிமிஷம். பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்புங்க. அவர் இன்னும் வீட்லதான் இருக்கார்."

"நீங்க?"

"நான் மேடையை விட்டு வர முடியாது." தன் கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றி, அதிலிருந்த கார்டை எடுத்துவிட்டு ஒரு காலிக் கார்டைப் போட்டு, வைஜயந்தியின் கழுத்தில் மாட்டினாள். காப்பி எடுத்த கேமராவில் தன் கார்டைப் போட்டுக்கொண்டாள்.

ஆறு மாதமாகக் கேட்டது வந்து கழுத்தில் விழுந்திருக்கிறது. வைஜயந்திக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன காரணம் சொல்ல? வெளிச்சம் சரியில்லைன்னு சொல்லிடவா?"

"உள்ளதைச் சொல்லுங்க. நீங்கதான் அழிச்சீங்கன்னு."

"அவர்கிட்ட?"

"அவர்கிட்டயும்."

"நேத்து மாதிரியே வருமா டீச்சர்?"

"வராது."

வைஜயந்தி கேமராவைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணில் வைத்தால் சுவர் ஆடியது, ஜன்னல் ஆடியது. இறக்கிவிட்டாள்.

"என்னால முடியாது. வேற யாரையாவது அனுப்புங்க. கை எப்படி நடுங்குது பாருங்க."

"பார்த்தேன்க்கா" என்றாள் பிலோமி. "இனிமே பார்க்காம அமுக்காத கை அது. அந்தக் கைகிட்டதான் குடுத்திருக்கேன். போங்க, நேரமாச்சு."