வாப்பாவின் ரெஹால்

காயல் பக்கம் ஒரு பெண்கள் தைக்காவில் நபீசத்து குர்ஆன் ஓதி வந்தாள். வயது ஐம்பத்தெட்டு. அவளுக்கு ஓதிக்கொடுத்த சுலைகா ஆலிமாவுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. குரு மாணவியை அக்கா முறை வைத்து "ராத்தா" என்று அழைப்பார். தைக்காவில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

நபீசத்து தினமும் வாப்பாவின் ரெஹாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள். ஒரே பலகையில் அறுத்தது, ஒரு ஆணி கிடையாது. விரித்து வைத்தால் குர்ஆனைத் தாங்கி நிற்கும். சின்ன வயதில் அவள் ஓதும்போது தப்பு வந்தால், வாப்பா வெள்ளி மோதிரத்தால் அதன் ஓரத்தில் டொக்கென்று தட்டுவார். தட்டித் தட்டி அந்த இடம் குழிந்தே போயிருந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வாப்பா மௌத்தாகிவிட்டார். கடைசியாக ஓதிக்கொடுத்த பக்கத்தில் ஒரு மயிலிறகு வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். நபீசத்து அந்த இறகு வரைக்கும் ஓதுவாள். அப்புறம் மூடி முத்தமிட்டுவிட்டு, மறுபடி முதல் பக்கம். நாற்பத்தாறு வருஷமாக இதே கதைதான்!

ஒரு தடவையாவது முழுக்க ஓதி முடித்து, அந்த நன்மையை வாப்பா பேருக்கு ஹதியாவாகச் சேர்க்கவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் இறகு வரைக்கும் ஓதுகையில் இன்னும் காதில் கேட்கும் அந்த டொக் சத்தம், இறகைத் தாண்டினால் கேட்காதே என்று பயம். ஆலிமாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அன்றைக்கும் இறகு வந்தது. நபீசத்து மூடப்போனவள், பலகையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ரெஹால், ரெஹால்னு சொல்றோமே, அப்படின்னா என்ன ஆலிமா?"

"அரபியில ஒட்டகத்துச் சேணம், ராத்தா."

"அட போங்க! எங்க வாப்பா ஒரு கழுதை மேலகூட ஏறினதில்லை."

"மெய்யாத்தான். அந்தப் பேரையே இதுக்கும் வச்சிட்டாங்க."

"சேணத்துக்கும் ஓதுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சேணத்தை எதுக்குக் கட்டுவாங்க?"

"ஏறி உட்காரத்தான்."

"உட்கார்ந்து?"

நபீசத்து ரெஹாலைப் பார்த்தாள். கண் மயிலிறகின் மேல் போய் நின்றது.

"போகத்தான்" என்றாள் கடைசியில். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வாப்பா இறங்கின இடம் இந்தப் பக்கம், ஆலிமா. அவரை இங்கேயே விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்?"

ஆலிமா ரெஹாலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இறங்கினவரு சேணத்தையும் கழற்றி எடுத்துக்கிட்டா போனாரு, ராத்தா?"